குருசுக்குப்பம் டீக்கடை வேர்ல்டு கப் பிரெடிக்‌ஷன் ஷீட்: முழு ரிவ்யூ

பாண்டில ஃபுட்பால் பாக்கறவங்களுக்காக இதை எழுதுறேன். குருசுக்குப்பத்துல ஒரு டீக்கடை இருக்கு, பேர் போர்டெல்லாம் கிடையாது, வெளிச்சுவத்துல மேட்ச் அட்டவணை ஒட்டிருக்கும், அதை வச்சு கண்டுபிடிச்சிடலாம். ஒவ்வொரு பெரிய டோர்னமென்ட்டுக்கும் கடைக்கார அண்ணன் ஒரு பிரெடிக்‌ஷன் ஷீட் குடுப்பாரு, குரூப்ல யார் ஃபர்ஸ்ட் யார் செகண்ட், நாக்கவுட்ல யார் யாரை ஜெயிப்பாங்க, கப் யாருக்குன்னு எழுதி டப்பால போடணும். காசு கட்ட வேணாம், டீ குடிச்சாதான் ஷீட்டுன்னும் கிடையாது. 2026 வேர்ல்டு கப்புக்கு புது ஷீட் வந்துடுச்சு, வாங்கி முழுசா படிச்சு ஃபில் பண்ணிட்டேன், இந்த ஊர்ல நான் பாத்த பிரெடிக்‌ஷன் போட்டிலயே நேர்மையானது இதுதான், அஞ்சுக்கு நாலரை ஸ்டார் தாராளமா குடுப்பேன்.

நேர்மைன்னு ஏன் சொல்றேன்னா, "எல்லாத்தையும் கரெக்டா சொன்னா பைக்", "ஃபுல் கரெக்டுக்கு கார்"னு ஆசை காட்டுற போட்டிங்க நிறைய வருது, போன வேர்ல்டு கப் டைம்ல டவுன்ல ஒரு ஷோரூம்லயே அப்படி பேனர் வச்சிருந்தாங்க. அந்த பைக் யாருக்கும் போகப்போறதில்லன்னு பேனர் அடிக்கறவங்களுக்கு நல்லாவே தெரியும். கணக்கைப் போட்டுப் பாருங்க. 2022ல 32 டீம், 8 குரூப், ஒரு குரூப்ல நாலு டீம். நாலு பேர்ல ஃபர்ஸ்ட் செகண்ட் யாருன்னு வரிசையா எழுத 12 வழி இருக்கு, 8 குரூப்புக்கும் சேத்து 12ஐ 8 தடவை பெருக்குனா சுமார் 43 கோடி. அதுக்கு மேல நாக்கவுட்ல மூணாவது இடத்து மேட்சை விட்டா 15 மேட்ச், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு முடிவு, அது 32,768. ரெண்டையும் பெருக்குங்க, 14 லட்சம் கோடி வருது. அத்தனை விதமா ஷீட் எழுதலாம், அதுல ஒண்ணே ஒண்ணுதான் ஃபுல் கரெக்ட்.

"கண்ண மூடிட்டு எழுதுனாதான் அவ்ளோ, ஃபுட்பால் தெரிஞ்சவனுக்கு அப்படி இல்லையே"ன்னு கேப்பாங்க, நியாயமான கேள்விதான். சரி, குரூப்ல எல்லாம் கரெக்டா போயிடுச்சு, நாக்கவுட்ல எந்த ரெண்டு டீம் மோதுனாலும் 100க்கு 70 தடவை நீங்க சரியா சொல்லுவீங்கன்னே வச்சுக்குவோம். 70 சதவீதம் சும்மா இல்ல, ரொம்ப நல்ல ஆளுங்களுக்கே அது கஷ்டம். அப்பவும் 15 மேட்சும் வரிசையா சரியா வர்றதுக்கு 211 தடவைக்கு ஒரு தடவைதான் சான்ஸ். 2026ல 48 டீம், 12 குரூப், ஒவ்வொரு குரூப்லயும் முதல் ரெண்டு டீமும் மூணாவதா வந்ததுல நல்ல 8 டீமும் மேல போகும், அதனால நாக்கவுட்டே 32 டீம்லேர்ந்து ஆரம்பிக்குது, கப் வரைக்கும் 31 மேட்ச். அதே 70 சதவீத ஆளுக்கு சான்ஸ் சுமார் 63,000ல ஒண்ணா எறங்கிடுது. கண்ண மூடிட்டு எழுதுறவனுக்கு 214 கோடில ஒண்ணு. இதுல குரூப் கணக்கையே நான் சேக்கல, மூணாவதா வர்ற 12 டீம்ல எந்த 8 உள்ள வரும்னு மட்டுமே 495 வழி இருக்கு.

அண்ணன் ஷீட்ல ஃபுல் கரெக்ட் பரிசே கிடையாது. நானே கேட்டேன், "ஏண்ணே, ஒரு தங்க காசுன்னு போட்டா கூட்டம் அள்ளுமே"ன்னு. "வராதுன்னு தெரிஞ்சே போட்டா அது ஏமாத்துறது தம்பி, எத்தன சரியா சொன்னியோ அத்தனைக்கு மார்க்கு, அவ்ளோதான்"னாரு. இதுக்காகவே அந்தக் கடைக்குப் போகலாம்.

இப்ப மார்க் சிஸ்டத்துக்கு வர்றேன், இதுலதான் நல்ல போட்டிக்கும் மோசமான போட்டிக்கும் உள்ள வித்தியாசமே இருக்கு. 2022ல அண்ணன் எல்லாரும் போடற மாதிரி டபுள் பண்ணிட்டே போற மார்க் வச்சிருந்தாரு, ரவுண்ட் ஆஃப் 16க்கு 1, குவார்ட்டருக்கு 2, செமிக்கு 4, ஃபைனலுக்கு 8. பாக்க அழகா இருக்கும். ஆனா ஃபைனல் ஒரு மேட்சுக்கு 8 மார்க்குன்னா ரவுண்ட் ஆஃப் 16ல எட்டு மேட்சும் சரியா சொன்னவனுக்கும் அதே 8தான். நடந்தது என்னன்னா, மெஸ்ஸிக்காக அர்ஜென்டினான்னு எழுதிட்டு மத்ததெல்லாம் ஏதோ எழுதுன பையன் கடைசி நாள்ல மூணாவது இடத்துக்கு ஏறிட்டான், மொராக்கோ குரூப்லேர்ந்து மேல வரும்னு எழுதிருந்த உப்பளம் கிரவுண்டு பையன் கீழ போயிட்டான். மெஸ்ஸி பையன் மேல ஒரு குறையும் இல்ல, ஆனா ஃபுட்பாலைக் கூர்ந்து பாக்கறவன் அந்த இன்னொருத்தன்தான், மார்க்ல அது தெரியல.

புது ஷீட்ல இதை மாத்திட்டாங்க. ரவுண்ட் ஆஃப் 32க்கு 2, அடுத்ததுக்கு 3, குவார்ட்டருக்கு 4, செமிக்கு 5, ஃபைனலுக்கு 6. இப்ப முதல் ரவுண்டுலயே மொத்தம் 32 மார்க் இருக்கு, ஃபைனல்ல வெறும் 6. ஒரே ஒரு மேட்ச்ல நம்ம கணிப்பு சரியா வர்றது பெரும்பாலும் அதிர்ஷ்டம், முப்பது மேட்ச்ல வர்றதுலதான் வெவரம் கொஞ்சமாவது வெளிய தெரியும், அதனால மார்க்கைப் பரவலா வைக்கறதுதான் சரி.

வெவரம் எவ்ளோ தூரம் கூட வரும்னு 2022ஐ வச்சே பாத்துடலாம். போட்டிக்கு முன்னாடி இருந்த ஃபிஃபா ரேங்கிங்கை மட்டும் பாத்து, ஒவ்வொரு குரூப்லயும் மேல இருக்கற ரெண்டு டீமை டிக் பண்ணிருந்தா நாக்கவுட் போன 16ல 11 சரியா வந்திருக்கும். குருட்டாம்போக்குல எழுதுனா சராசரியா 8 வரும். ஆக ரேங்கிங் குடுத்த லாபம் மூணு டீம். ரேங்கிங் சொல்லியும் தப்பாப் போன அஞ்சு டீம் டென்மார்க், ஜெர்மனி, மெக்சிகோ, பெல்ஜியம், உருகுவே, அவங்க எடத்துல வந்தது ஆஸ்திரேலியா, ஜப்பான், போலந்து, மொராக்கோ, தென்கொரியா. இதுல பெல்ஜியம் ரேங்கிங்ல ரெண்டாவது. ஃபர்ஸ்ட் செகண்ட் வரிசையோட பாத்தா இன்னும் மோசம், 8 குரூப்ல 3தான் ரேங்கிங் சொன்னபடி முடிஞ்சுது. முதல் ரேங்க் பிரேசில் குவார்ட்டர்லயே குரோஷியாகிட்ட பெனால்ட்டில போச்சு. நம்ம கடைல அந்த வருஷம் ஜெயிச்சவரு 16ல 12 சொல்லிருந்தாரு, ரேங்கிங் பேப்பரை விட ஒரே ஒரு டீம் கூட. இவ்ளோதாங்க மனுஷனால முடியுது, அதுவே பெரிய விஷயம்.

ஃபுட்பால்ல இது ஏன் இவ்ளோ கஷ்டம்னா கோல் கம்மி. 2022ல 64 மேட்ச்ல 172 கோல், ஒரு மேட்சுக்கு மூணு கூட வரல. கபடிலயும் பாஸ்கெட்பால்லயும் பாயின்ட் நிறைய விழுறதால நல்ல டீம் ஒண்ணு ரெண்டு தப்பு பண்ணாலும் திரும்ப ஏறி வந்துடும், ஃபுட்பால்ல பந்து யார் மேலயோ பட்டுத் திரும்புற ஒரு டிஃப்ளெக்‌ஷன், ஒரு ரெட் கார்டு, வீடியோ பாத்து மாத்துற ஒரு விஏஆர் தீர்ப்பு போதும். சவுதிகிட்ட 2-1ன்னு தோத்த அர்ஜென்டினாதான் அந்தக் கப்பையே அடிச்சுது. நாக்கவுட்ல 16 மேட்ச்ல 5 மேட்ச் பெனால்ட்டிக்குப் போச்சு, ஃபைனலும் சேத்து. எம்பாப்பே ஹாட்ரிக் போட்டும் ஃபிரான்ஸ் தோத்துச்சு, அன்னிக்கு ராத்திரி பாண்டில எத்தன வீட்டுல சோறு எறங்கலைன்னு நமக்குத்தான் தெரியும்.

அங்கதான் இன்னொரு விஷயம், மனசு. நம்ம ஊர்ல ஃபிரெஞ்சு பாஸ்போர்ட்டு குடும்பங்க இருக்கு, ஃபிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குன தாத்தாங்க வீடு இருக்கு, அதனால கடைல விழுற ஷீட்ல பெரும்பங்கு ஃபிரான்ஸ். 2018ல குரோஷியாவை 4-2ன்னு அடிச்சப்ப அது சரியாவும் போச்சு. ஆனா 2002ல நடப்பு சாம்பியனா போன ஃபிரான்ஸ் முதல் மேட்ச்லயே செனகல்கிட்ட 1-0ன்னு தோத்து, ஒரு கோல்கூட போடாம குரூப்லயே வெளிய வந்துச்சு. அந்தச் செனகல் 2026லயும் ஃபிரான்ஸ் குரூப்லயே இருக்கு, கூட நார்வேயும் இருக்கு. இத்தாலி 2010ல, ஸ்பெயின் 2014ல, ஜெர்மனி 2018ல, எல்லாம் நடப்பு சாம்பியனா போய் குரூப்ல போனவங்கதான். ஐபிஎல் ஷீட்லயும் இதே கதைதான், பத்து டீம்ல பிளேஆஃப் போற நாலு டீமை எழுத 210 வழி இருந்தாலும் நம்ம கடைல எழுதுற எல்லாத்துலயும் சிஎஸ்கே இருக்கும், 2025ல சிஎஸ்கே பத்தாவது இடம். 2024ல ஆர்சிபி முதல் எட்டு மேட்ச்ல ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சிருந்தப்ப அவங்களை யாரும் கணக்குல வைக்கல, அப்புறம் வரிசையா ஆறு ஜெயிச்சு, கடைசில சிஎஸ்கேயையே அடிச்சிட்டு உள்ள போனாங்க.

மனசுக்குப் புடிச்ச டீமை எழுதக்கூடாதுன்னு நான் சொல்லல, எழுதுங்க, அதுக்குத்தானே பாக்கறோம். ஆனா பரிசு வேணும்னா ஒரு கணக்கு தெரிஞ்சுக்கங்க. சும்மா ஒரு பேச்சுக்கு ஃபிரான்ஸ் ஜெயிக்க 15 சதவீதம்னு வைப்போம், 40 பேர் அவங்களை எழுதிருக்காங்க. பிரேசிலுக்கு 10 சதவீதம், எழுதுனவங்க 8 பேர்தான். ஃபிரான்ஸ் ஜெயிச்சா அந்த 40 பேரோட நீங்க மோதணும், பிரேசில் ஜெயிச்சா 8 பேரோட. தலைக்கு வகுத்துப் பாத்தா பிரேசில் எழுதுனவருக்குத்தான் மூணு மடங்குக்கு மேல லாபம். ஜெயிக்க அதிகம் வாய்ப்புள்ள டீமும் பரிசு வாங்கிக் குடுக்கற டீமும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயமில்ல, பெரிய கூட்டம் இருக்கற போட்டில இது ரொம்ப முக்கியம்.

இந்தத் தடவை புதுசா வந்திருக்கறது ஷீட்டோட பின்பக்கம், எனக்கு இதான் ரொம்பப் புடிச்சுது. அண்ணன் பொண்ணு காலேஜ்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்குது, அது சேத்தது. 12 குரூப்லேர்ந்தும் ஒரு ஒரு டீம் எடுத்து லிஸ்ட் போட்டிருக்காங்க, அந்த டீம் நாக்கவுட் போகும்னு எத்தனை சதவீதம் நம்புறீங்கன்னு பூஜ்யத்துலேர்ந்து 100க்குள்ள எழுதணும். மார்க் போடறது பிரையர் ஸ்கோர் முறைல, 1950ல பிரையர்னு ஒரு அமெரிக்க வானிலைக்காரர் மழைக் கணிப்பை அளக்கறதுக்குக் கொண்டு வந்தது. நீங்க 90ன்னு எழுதி டீம் போயிடுச்சுன்னா 1 அபராதம்தான், போகலைன்னா 81. 60ன்னு எழுதி போனா 16, போகலைன்னா 36. கடைசில அபராதம் கம்மியா இருக்கறவருக்கு தனிப் பரிசு.

இதுல இருக்கற அழகு என்னன்னா பொய் சொன்னா நமக்கே நஷ்டம். மனசுல நிஜமா 60 தோணுதுன்னு வைங்க, அது சரியான 60தான்னும் வைங்க, 60ன்னே எழுதுனா சராசரியா 24 அபராதம் வரும். வீராப்புக்கு 90ன்னு எழுதுனா 33 வரும். யாரும் கண்காணிக்க வேணாம், உள்ளதை உள்ளபடி எழுதுறவனுக்குத்தான் லாபம்னு அந்தக் கணக்கே பாத்துக்குது. நம்மளுது கடலோர ஊரு, புயல் இங்க கரையக் கடக்கும் அங்க கரையக் கடக்கும்னு எத்தன தடவை கேட்டிருக்கோம், கணிப்புன்னா அதுக்கு ஒரு அளவு இருக்கும், நிச்சயம் இருக்காதுன்னு குருசுக்குப்பத்து வலைக்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேணாம், பின்பக்கத்தை அவங்கதான் முதல்ல சரியா புரிஞ்சுகிட்டு ஃபில் பண்ணாங்க.

இந்த ஷீட்டைப் பத்தி இவ்ளோ விரிவா எழுத இன்னொரு காரணமும் உண்டு. என் மச்சான் ஒருத்தன் கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கான், டெலிகிராம்ல யார் ஜெயிப்பாங்கன்னு முன்கூட்டியே சொல்ற ஒரு டிப்ஸ் சேனலுக்கு மாசாமாசம் காசு கட்டிட்டு இருந்தான், பேர் சொல்ல விரும்பல, அந்த மாதிரி நூறு இருக்கு. "வரிசையா ஆறு மேட்ச் கரெக்டா சொன்னாங்க மச்சான், உள்ள ஆள் வச்சிருக்காங்க"ன்னு சத்தியம் பண்றான். ஆறு மேட்ச் வரிசையா கரெக்டா சொல்ல உள்ள ஆளே வேணாம். 6,400 பேர் நம்பர் இருந்தா போதும். பாதிப் பேருக்கு இந்த டீம் ஜெயிக்கும்னு அனுப்பு, மீதிப் பாதிக்கு அந்த டீம்னு அனுப்பு. மேட்ச் முடிஞ்சதும் தப்பா போனவங்களை விட்டுடு, 3,200 பேர் மிச்சம். திரும்பப் பாதி பாதி, 1,600. அப்புறம் 800, 400, 200, ஆறாவது மேட்ச் முடிஞ்சா 100 பேர். அந்த 100 பேருக்கும் இவரு தெய்வம், ஏழாவது மேட்சுக்கு எவ்ளோ கேட்டாலும் கட்டுவாங்க. மத்த 6,300 பேருக்கு என்ன வந்துச்சுன்னு அந்த 100 பேருக்குத் தெரியவே தெரியாது. என் மச்சான் அந்த நூறுல ஒருத்தன், நகை வச்ச காசு போச்சு, தங்கச்சி எங்கிட்ட சொல்லி அழுதுச்சு. 2025 ஆகஸ்ட்ல ஆன்லைன் பண விளையாட்டுக்கு மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டு வந்ததும் பெரிய ஃபேன்டஸி ஆப்பெல்லாம் காசு கட்டுற போட்டிய நிறுத்திடுச்சு, ஆனா இந்த டிப்ஸ் விக்கறவங்க இன்னும் மெசேஜ் அனுப்பிட்டுத்தான் இருக்காங்க.

ஆக்டோபஸ் பால் கதையையும் இதே கண்ணோட பாருங்க. 2010ல ஜெர்மனில ஓபர்ஹவுசன் அக்வேரியத்துல இருந்த அந்த ஆக்டோபஸ் வேர்ல்டு கப்ல எட்டு மேட்சுக்கு யார் ஜெயிப்பாங்கன்னு எட்டும் சரியா சொல்லுச்சு, காசு சுண்டுனா 256ல ஒரு தடவை வர்ற விஷயம், பெருசுதான். ஆனா அதே ஆக்டோபஸ் 2008ல ஐரோப்பிய டீமுங்களோட யூரோ கப்ல ஆறுல நாலுதான் சரியா சொல்லுச்சு. உலகம் முழுக்க கிளி, யானை, பன்னின்னு எத்தனையோ உயிருங்களை வச்சு இதே மாதிரி பண்றாங்க, தப்பா சொன்னது எதுவும் டிவில வர்றதில்ல.

கடையைப் பத்தியும் சொல்லிடறேன். டீ 12 ரூபா, ஸ்ட்ராங்கா கேட்டா நிஜமாவே ஸ்ட்ராங்கா போடறாரு. மசால் வடை சாயங்காலம் நாலரை மணிக்கு மேல சூடா இருக்கும், காலைல வாங்காதீங்க. டிவி சின்னதுதான், ஆனா கடை விடியறதுக்கு முன்னாடியே தொறந்துடுது, கடலுக்குப் போறவங்களுக்காக வழக்கமா தொறக்கறதுதான், அமெரிக்கா மெக்சிகோ கனடால நடக்கற இந்த வேர்ல்டு கப்புக்கு அது ரொம்ப சவுகரியம், நிறைய மேட்ச் நமக்கு நடுராத்திரியும் விடியக்காலையும்தான். உக்கார பெஞ்சு ரெண்டே ரெண்டு, நின்னுதான் பாக்கணும், பொம்பளைங்க பிள்ளைங்களோட வந்தா அண்ணன் முதல்ல பெஞ்சைக் காலி பண்ணிக் குடுப்பாரு.

ஷீட் டப்பால போட்டதும் கடைல இருக்கற அக்கா போன்ல ஒரு போட்டோ எடுத்து உங்களுக்கே அனுப்பிடும், பின்னாடி "நான் அப்படி எழுதல"ன்னு யாரும் சண்டை போட முடியாது. முதல் மேட்ச் ஆரம்பிச்சதும் எல்லாத்தையும் எக்செல்ல ஏத்தி வாட்சப் குரூப்ல போட்டுடறாங்க, தினமும் மார்க் அப்டேட் வரும். 2022லயும் ஒரு நாள் கூட லேட் ஆகல.

அரை ஸ்டார் எதுக்குக் கொறச்சேன்னா மூணு விஷயம். மூணாவது இடத்துக்கான மேட்சுக்கும் 5 மார்க் வச்சிருக்காங்க, அந்த மேட்ச்ல ரெண்டு பக்கமும் பென்ச்சுல இருந்தவங்களையும் எறக்குவாங்க, அதைக் கணிக்கறதுல வெவரத்துக்கு வேலையே இல்ல, 1 மார்க் போதும். ரெண்டாவது, ரெண்டு பேர் ஒரே மார்க் எடுத்தா சீட்டு குலுக்கிப் போடறாங்க, பின்பக்க அபராதம் யாருக்குக் கம்மியோ அவங்களுக்குக் குடுத்தா முடிஞ்சுது, கையிலயே வழி இருக்கறப்ப குலுக்கல் எதுக்கு. மூணாவது, 48 டீமையும் ஒரே ஏ4ல அடக்கிருக்காங்க, எழுத்து ரொம்பப் பொடி, வயசானவங்களால படிக்கவே முடியல, எங்க பெரியப்பா பூதக்கண்ணாடி வச்சுத்தான் எழுதுனாரு. ரெண்டு பேப்பரா அடிங்கண்ணே, ஜெராக்ஸ் செலவுல பாதி நாங்க போட்டுக்கறோம்.

ஜூன் 11க்கு முதல் மேட்ச், அது ஆரம்பிக்கறதுக்குள்ள ஷீட் டப்பால விழுந்துடணும், ஒரு ஆளுக்கு ஒரு ஷீட்தான். கடலூர்லேர்ந்து வர முடியாதவங்க போட்டோ எடுத்து அனுப்பலாம்னு அக்கா சொல்லிருக்கு, என் மச்சானுக்கு நானே ஒரு ஷீட் கொண்டு போய்க் குடுத்துட்டேன், பின்பக்கத்துல ஜப்பானுக்கு 70, நார்வேக்கு 60ன்னு எழுதி அனுப்பிருக்கான்.